எஸ்பிரசோ மெஷினில் மல்லிக் கோப்பி

சனிக்கிழமைகளில் மருமகனின் எஸ்பிரசோ மெஷினைக் கழுவுவது என் வேலை. மூன்று வருடமாகச் செய்கிறேன். கைப்பிடியில் துளையில்லாத சிறு கிண்ணத்தை மாட்டி, அரைக் கரண்டி வெள்ளைத் தூளைப் போட்டு, பத்து விநாடி இயக்கி நிறுத்தி, மறுபடியும் இயக்க வேண்டும். வெளியே போக வழியில்லாத தண்ணீர் திரும்பி உள்ளே ஏறி, பழைய எண்ணெயைக் கரைத்துக்கொண்டு கீழ்த்தட்டில் கொட்டும். முதலில் கடும் சாயமாக வரும். ஐந்தாறு தரம் செய்தால் தெளியும். பிறகு தண்ணீர் பொழிகிற துளைத்தட்டைத் திருகாணி கழற்றி எடுத்து, தூரிகையால் தேய்த்து மாட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் உள்ளே படிந்த சுண்ணாம்பையும் நீக்க வேண்டும்.

"மாமா கை வச்சா மெஷின் புதுசு மாதிரி ஆயிடுது" என்று மருமகன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. அவர் கோயம்புத்தூர்க்காரர். ஜெர்மனிக்கு, கார்ஹிங்கில் படிக்க வந்து, என் மகளைக் கட்டி, வுப்பர்டாலில் வீடு வாங்கியவர். நானும் மனைவியும் அவர்களோடுதான் இருக்கிறோம். அவர் புகழும்போது நான் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். உண்மையில் அந்த மெஷினை ஒரு முறை கெடுத்தவன் நான். என் மனைவி கெடுத்தாள் என்று எல்லோரையும் நம்ப விட்டேன். நம்பியவர்களில் அவளும் ஒருத்தி.

அந்தக் காலத்தில் அவளுக்கு மறதி தொடங்கியிருந்தது. ஒரே கேள்வியைக் காலையில் மூன்று தரம் கேட்பாள். ஒரு நாள் வெறும் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விட்டாள். மகள் டொக்டரைப் பார்க்க நாள் குறித்து டெர்மின் எடுத்தாள். ஒன்றரை மாதம் தள்ளி, ஆறு கிழமை கழித்துத்தான் கிடைத்தது. அந்த ஆறு கிழமைக்குள்தான் இது நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இளையவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். மெஷினுக்கு உரிய கோப்பிக் கொட்டை முடிந்திருந்தது. அலுமாரியில் மனைவி தன் கையால் வறுத்து அரைத்த தூள் இருந்தது. கோப்பிக் கொட்டையோடு மல்லியும் வேர்க்கொம்பும், அதுதான் சுக்கும், சேர்த்து, மாப்போல அரைத்த தூள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் கோப்பி என்றால் அதுதான். கொதிதண்ணீரை ஊற்றி, தூள் அடியில் படிய விட்டுக் குடிப்போம்.

மெஷின் வாங்கிய புதிதில் மருமகன் என்னிடம் சொல்லியிருந்தார்: "மாமா, இதுல அத்தையோட பவுடர் மட்டும் போட்டுடாதீங்க. அடைச்சுக்கும்."

"தம்பி, நான் பௌதிகம் படிப்பிச்சனான்" என்றேன் நான்.

யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் படிப்பித்தேன். இங்கே வந்து இருபத்தாறு வருடம் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் மெஷினோடு நின்றேன். அமுக்கமும் தெரியும், மெஷினும் தெரியும் என்று எனக்கு நினைப்பு. நல்ல தூளை நல்ல அமுக்கத்தில் வடித்தால் ருசி கூடத்தானே வேண்டும்?

துளையுள்ள கிண்ணத்தில் அந்தத் தூளை நிறையப் போட்டு, இறுக்கி அழுத்தி, மாட்டினேன். பம்பு முனகியது. இரண்டு சொட்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அமுக்கம் இறங்கும்வரை பொறுக்க வேண்டும் என்பது என் மாணவர்களுக்கே தெரிந்திருக்கும். நான் பொறுக்காமல் கைப்பிடியைத் திருப்பினேன். சூடான சேறு சுவரிலும் என் சட்டையிலும் அடித்தது. சுவரைத் துடைத்தேன். துளைத்தட்டின் துளைகளைத் தையல் ஊசியால் குத்தினேன். அப்படிக் குத்தியதில் தூள் இன்னும் உள்ளே போனது என்று பிறகு விளங்கியது. மனைவி குளித்து வருவதற்குள் சட்டை மாற்றிவிட்டேன்.

அன்று பின்னேரம் மருமகன் மெஷினைப் போட்டார். தண்ணீர் வரவில்லை. துளைத்தட்டைக் கழற்றி மூக்கருகே பிடித்தார்.

"கொத்தமல்லி வாசனை" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. யாரையும் பார்க்காமல்தான் சொன்னார்.

மகள் தாயைத்தான் பார்த்தாள். "அம்மா, நீங்களே உங்கட தூளை இதுக்குள்ள போட்டனீங்கள்?"

"நானே?"

"யோசிச்சுப் பாருங்கோ. காலமை."

மனைவி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே தேடினாள். "நினைவில்லைப் பிள்ளை" என்றாள். சற்றுப் பொறுத்து, "போட்டிருப்பன் போலக் கிடக்கு" என்றாள்.

"பரவால்ல அத்தை, வால்வு மாத்தினா போதும்" என்றார் மருமகன்.

நான் மேசையில் இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். "நான்தான்" என்று ஒரு சொல் போதும். நான் பயப்பட வேண்டிய ஆட்கள் அங்கே ஒருவரும் இல்லை. மருமகன் சிரித்திருப்பார், பௌதிகத்தைச் சொல்லிக் கொஞ்ச நாள் பகிடி பண்ணியிருப்பார். அந்தப் பகிடிக்குத்தான் பயந்தேன். பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

டெர்மின் நாளில் நாங்கள் மூவரும் போனோம். மகள் மனைவியின் மறதிகளை டொக்டருக்கு ஜெர்மனில் சொன்னாள். திரும்பத் திரும்பக் கேட்பது, அடுப்பில் வைத்த சட்டி, கடைசியாக மெஷின். மெஷின் விஷயத்தை டொக்டர் எழுதிக்கொண்டார். தினமும் பார்க்கிற ஒரு பொருளைத் தவறாகக் கையாள்வது கவனிக்க வேண்டியது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்களும் இதைக் கவனித்தீர்களா என்று கேட்டார்.

"யா" என்றேன்.

வீட்டில் நான் பேசாமல் இருந்தேன். அங்கே வாய் திறந்து பொய் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும்.

நோய் உண்மையான நோய்தான். தலையைப் படம் எடுத்துப் பார்த்தபோது அது தெரிந்தது. நான் உண்மை சொல்லியிருந்தாலும் அவள் மறந்திருப்பாள். இந்தக் கணக்கை எனக்குச் சாதகமாகப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மெஷினுக்குப் பிறகு அவள் குசினிக்குள் போவதை நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வாசலில் நின்று, "நான் தண்ணி சூடாக்கலாமே?" என்று மகளிடம் கேட்பாள். நாற்பத்தைந்து வருடம் எனக்குச் சமைத்தவள், கேத்திலைத் தொட அனுமதி கேட்டாள். மகள் "ஏன் அம்மா கேக்கிறியள்" என்பாள். மனைவி, "பிறகு பழுதாக்கிப் போடுவன்" என்று சொல்லிக் கதிரையில் போய் இருந்துவிடுவாள். அலுமாரியில் இருந்த தூள் முடிந்தது. அவள் வேறு வறுக்கவில்லை.

அப்போதுதான் மெஷின் கழுவும் வேலையை நான் எடுத்தேன். பிராயச்சித்தம் என்று யாராவது நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது எனக்குப் புகழைத்தான் தந்தது.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, துளைத்தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"இப்ப வடிவா வேலை செய்யுதே?" என்று கேட்டாள். "நான் பழுதாக்கினாப் பிறகு?"

அவளுக்கு அப்போது பேரப்பிள்ளையின் வயது நினைவில்லை. நாங்கள் எந்த மாடியில் இருக்கிறோம் என்பதும் சில நாட்களில் நினைவில்லை. தான் செய்யாத இந்த ஒன்று நினைவில் இருந்தது.

"நீர் பழுதாக்கேல்லை" என்றேன். "நான்தான். உம்மட தூளைப் போட்டு அடைச்சுப் போட்டன். சொல்லாமல் இருந்திட்டன். டொக்டரிட்டையும் பொய் சொன்னனான்."

அவள் சிரித்தாள். "கோப்பி போடத் தெரியாத மனுசன், மெஷினில போடப் போனதே! ஒரு கேத்திலில தண்ணி கொதிக்க வைக்கத் தெரியுமே உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரியாது. தள்ளுங்கோ அங்கால" என்று சொல்லி உள்ளே வந்து கேத்திலை எடுத்தாள். தண்ணீர் பிடித்து, சுவிட்சைப் போட்டாள். யாரிடமும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் மகளுக்கும் மருமகனுக்கும் சொன்னேன். மருமகன், "விடுங்க மாமா" என்றார். மகள் அப்படி விடவில்லை. "டொக்டர் கேக்கேக்கையும் ஓமெண்டுதானே சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். ஒரு கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. தாயின் முன்னால் போய் மன்னிப்புக் கேட்டாள். மனைவிக்கு எதற்கென்று விளங்கவில்லை. மகளின் தலையைத் தடவிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த நாள் காலையே மனைவி குசினி வாசலில் நின்றாள். "நான் தண்ணி சூடாக்கலாமே? முந்தி இதை நான்தானே பழுதாக்கினனான்."

நான் சொன்னது அவளிடம் ஒரு நாள் கூடத் தங்கவில்லை. குற்றம் மட்டும் அப்படியே இருந்தது. மறுபடியும் முதலில் இருந்து சொன்னேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் சொல்கிறேன். ஊசியால் குத்தியதையும் சட்டை மாற்றியதையும் விடுவதில்லை. பாதியை மறைத்துச் சொல்லிப் பார்த்தேன், அன்று அவள் நம்பவில்லை. சில நாட்களில் சிரிப்பாள். சில நாட்களில் கோபித்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் அழுதாள். ஆனால் எப்படியோ உள்ளே வந்து கேத்திலைத் தொடுகிறாள். அதனால் சொல்வது எனக்குக் கட்டாயம். அலுத்துப்போய் நான் விட்டுவிட்டால் அவள் வாசலிலேயே நின்றுவிடுவாள்.

இன்று காலை கேட்டு முடித்ததும், "பிள்ளையளுக்குச் சொன்னனீங்களே?" என்றாள்.

"சொன்னன்."

"என்ன சொன்னவை?"

"மகள் ஒரு கிழமை கதைக்கேல்லை."

"நல்லா வேணும் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, கேத்திலில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினாள்.