எடெல்மிரா அச்சடித்த பெயர்கள்

எடெல்மிரா பெயர் அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டு, எட்டு அடி பின்னால் போய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிறாள். படிக்க முடிந்தால்தான் அது அச்சுக்குப் போகும். "கிட்டப் போய் நெஞ்சைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தா, போட்டிருக்கிற மனுஷிக்குக் கூச்சமா இருக்காதா?" என்பாள்.

எங்கள் குவாதலஹாரா நகரில் பல் மருத்துவர்கள் கூடினாலும் தேனீ வளர்ப்பவர்கள் கூடினாலும் கழுத்தில் தொங்குவது அவளுடைய அட்டைதான். முதல் பெயர் கட்டைவிரல் உயரத்துக்கு. குடும்பப் பெயர் அதில் பாதி. மாநாட்டின் சின்னம் ஓர் ஓரத்தில், சட்டைப் பொத்தான் அளவு. அதைப் பெரிதாக்கச் சொல்லி அமைப்பாளர்கள் மன்றாடுவார்கள். "உங்க சின்னத்தையா கூப்பிடப் போறாங்க?" என்று வாயை அடைத்துவிடுவாள். அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே பெயர். ஒன்பது வருடமாகப் பதிவு மேசையில் அவள் பக்கத்தில் உட்கார்கிறேன். யாருக்காகவும் அவள் இதை மாற்றிப் பார்த்ததில்லை.

சென்ற நவம்பரில், காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் முன்னூறு பேர் கூடினார்கள். முதல் நாள் காலை, வரிசையில் முதலாவதாக நின்ற அமாலியா தன் அட்டையைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"என் பேரு எதுக்கும்மா இவ்வளவு பெருசா? என் பையன் பேரைப் போட்டுக் குடு. ரோஹெலியோ."

"போட்டுக்கிறவங்க பேருதான் இருக்கணும்க்கா. இல்லாட்டி உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"ரோஹெலியோன்னு கூப்பிடட்டும். எங்க வீட்டுல அந்தப் பேரைச் சொல்லி நாலு வருஷமாச்சு. சொன்னா நான் அழுதுடுவேனாம்."

எடெல்மிரா அச்சுப்பொறியை இயக்கினாள். பின்னால் நின்றவளும் தன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் வரிசை முழுவதும். கூட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் தாமதம். கடிந்துகொள்ள வந்த அமைப்பாளரிடம், "நீங்க போய்க் காபி குடிங்க" என்றாள், தலை நிமிராமல்.

நியெவெஸ் என்ற பெண்ணுக்கு இரண்டு மகன்கள். எழுத்தைச் சிறிதாக்கினால் இருவரையும் ஒரே பக்கத்தில் போட்டுவிடலாம். எடெல்மிரா சிறிதாக்கவில்லை. ஒரு பக்கம் எஃப்ரேன், மறுபக்கம் சவுல். ஒருவன் தெரிந்தால் மற்றவன் மறைந்தான். நாள் முழுவதும் நியெவெஸ் அதைத் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டே இருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக் கூடம் முழுக்கப் பிள்ளைகளின் பெயர்கள். "ரோஹெலியோ, அந்த உப்பை இப்படித் தள்ளு" என்றாள் யாரோ ஒருத்தி. அமாலியா தள்ளினாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சூப் ஆறிப் போயிற்று.

"அந்தக்கா சாப்பிடவே இல்ல, பாத்தியா?" என்றாள் எடெல்மிரா என்னிடம். "நான்தான் அவ்வளவு பெருசாப் போட்டுக் குடுத்தேன்." அவளும் அன்று சாப்பிடவில்லை.

மாநாடு முடிகிற நாளில் அட்டைகளைத் திரும்ப வாங்க வாசலில் ஒரு பெட்டி வைப்போம். பிளாஸ்டிக் உறைகள் அடுத்த கூட்டத்துக்கு ஆகும். மூன்றாம் நாள் மாலை வழக்கம்போல் நான் வைத்தேன். கூடத்தின் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் எடெல்மிரா எழுந்து வந்து, பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளி, மேசைத் துணியை இழுத்து மறைத்தாள்.