மூடக் கூடாத திரை

2009ஆம் ஆண்டுக் கோடையில், சனிக்கிழமைகளில் லண்டன் இல்ஃபோர்டில் ஒரு கடையின் மாடியறைக்குப் போவேன். போர் முடிந்து வவுனியா முகாம்களில் இருப்போரின் பெயர்ப் பட்டியல்கள் துண்டு துண்டாக அங்கே வந்துசேரும். உறவினரைத் தேடுவோருக்காக அவற்றில் பெயர் தேடும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தன் என்ற கணினிமொழியில் எழுதியிருந்தேன்.

"இலக்கியம் படிக்கிற பிள்ளை இதுவும் செய்யுதோ?" என்றார், அறைக்குப் பொறுப்பாயிருந்த அண்ணை. "அப்ப கம்ப்யூட்டர் படிச்ச என்ர மகன் கவிதை எழுதோணும்."

அன்று பக்கத்து ஊரான செவன் கிங்ஸிலிருந்து ஓர் அன்ரி வந்தார். தம்பியின் பெயரையும் தம்பி மகளின் பெயரையும் தாளில் எழுதித் தந்தார்.

"வடிவாப் பாரும் பிள்ளை."

பெயர் பொருந்தினால் மட்டுமே பட்டியலின் அந்த வரி திரையில் வரும். எதுவும் வரவில்லை.

"ரெண்டு பேரும் இல்லை, அன்ரி."

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் காலை, பட்டியலில் நிச்சயமாக உள்ள இரு பெயர்களைக் கொடுத்துப் பார்த்தேன். முதலாவது வந்தது, இரண்டாவது வரவில்லை.

நிரல் தன் விடையைக் கோப்பில் எழுதும். கோப்பு எதுவும் குறிப்பிடாவிட்டால் திரையில் எழுதும். இரண்டையும் 'வித்' என்ற ஒரே கட்டளைக்குள் வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் கையிலிருப்பதை மூடிவிடுவது அதன் இயல்பு. கோப்பு நான் திறந்தது, மூடலாம். திரை எனக்கு முன்பே திறந்திருந்தது. முதலாவது பெயரைத் தேடி முடித்ததும் நிரல் அதையும் மூடிவிட்டது. எழுத்துருச் சிதைந்த வரிகளுக்காக, பிழை நேர்ந்தால் பேசாமல் தாண்டிப் போகும்படியும் எழுதியிருந்தேன். மூடிய திரையில் எழுதப்போன பிழையையும் அது அப்படியே தாண்டியது. ஆகவே இரண்டாவது பெயர் பட்டியலில் இருந்தாலும் திரை வெறுமையாகவே இருந்திருக்கும்.

திரை என்றால் எழுதக் கொடு, ஆனால் மூடாதே என்று சில வரிகள் எழுதிச் சேர்த்தேன். தம்பி மகளின் பெயரை மீண்டும் தேடினேன். இல்லை.

விடை மாறவில்லை, சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் தேடாத ஒரு பிள்ளையைத் தேடிவிட்டதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் அழைத்தேன்.

"அன்ரி, நேற்று தம்பியின்ர மகளின்ர பேரைப் புரோகிராம் சரியாத் தேடேல்லை."

"அப்ப இருக்கிறாளோ? எந்த முகாம்?"

"இல்லை அன்ரி. இப்ப சரியாத் தேடினனான். இல்லை."



"அப்ப ஏன் பிள்ளை போன் எடுத்தனீர்?"

முதலில் 'சரியாத் தேடேல்லை', பிறகு 'இல்லை' என்று நான் சொன்ன ஒழுங்கில், தம்பி மகளை அவருக்கு ஒரு நொடி உயிரோடு கொடுத்துத் திரும்பப் பறித்திருந்தேன்.