அருணாசலம் திரும்பிப் போன தரிசு

போன வெள்ளிக்கிழமை வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பெரியகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்த அருணாசலத்தின் மைத்துனர் வாசலில் நின்று, "சார், அத்தான் காலையில தவறிட்டாக" என்றார். பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வகுப்பைக் கலைத்தேன் என்பது நினைவில்லை.

ஊர் ஊராகப் போய்ப் பயிர்முறைகளைச் செய்து காட்டும் விவசாய இலாகா டிமான்ஸ்ட்ரேட்டராக அவரை உங்களில் பலர் அறிவீர்கள். பருத்தி விதையோடு வேடிக்கைப் பேச்சையும் சேர்த்துக் கொடுப்பவர். நான் தேனியில் பல வருஷம் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு தரிசு நிலம் இருந்ததை நான் அறிவேன்.

பஞ்சத்தில் நிலமிழந்த சில குடும்பங்களுக்கு, ஆண்டிபட்டிக்குப் போகும் வழியில் இருந்த சர்க்கார் தரிசைக் கொடுப்பதாக முடிவாயிற்று. எந்தப் பக்கம் உழலாம் என்று காட்டும் வேலை அருணாசலத்துக்கு. அந்த வருஷம் நல்ல மழை. சரிவின் அடியில் புல் முழங்கால் உயரம் நின்றது. மேட்டில் சரளைக்கல்லும் கிளுவை முட்புதரும்தான். அவர் பள்ளத்தைக் காட்டினார். யாராயிருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பார்கள்.

அடுத்த கோடையில் பள்ளத்து மண் வெள்ளையாகப் பூத்தது. மழை கீழே இறக்கியிருந்த உப்பை வெயில் மேலே இழுத்துவிட்டது. சோளம் நுனி கருகிச் செத்தது. கிணற்றுத் தண்ணீரும் உப்பு. பாய்ச்சப் பாய்ச்ச நிலம் இன்னும் கெட்டது. புல் போன இடம் தெரியவில்லை. உகாய் மரங்கள் மட்டும் பச்சையாக நின்றன. "அந்த மரம் முன்னாடியும் அங்கனதான்யா நின்னுச்சு. உப்பு மண்ணுல நிக்கிற மரம். நான் புல்லைப் பார்த்தேன், மரத்தைப் பார்க்கல" என்று என்னிடம் சொன்னார்.

அங்கே குடியேறியவர்களில் ராக்கம்மாள் என்ற பெண்ணின் கணவன், விளைச்சல் இல்லாமல் கம்பம் வழியாக மலைத் தோட்ட வேலைக்குப் போனான். காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தான். கேதத்துக்கு, துக்கம் விசாரிக்கப் போன அருணாசலம் வீட்டுக்குள் நுழையாமல் தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். நான் ஆறுதலாக, "மழை ஏமாத்திருச்சுய்யா, நீங்க என்ன செய்வீங்க?" என்றேன். அவர் முகம் மாறியது.

"மழை மழையாத்தான் பேஞ்சுச்சு. ஏமாந்தது நான். செத்தது அந்த ஆளு."

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கடப்பாரையைக் கட்டிக்கொண்டு அந்தத் தரிசுக்குப் போனார். நானும் ஒரே ஒரு ஞாயிறு கூடப் போனேன். பள்ளத்திலிருந்து மேடு வரை வரிசையாகக் குழி தோண்டி, ஒவ்வொரு குழி மண்ணையும் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். சரிவின் பாதியில் உப்புக் கரிப்பு நின்றது. அங்கேதான் கிளுவையும் தொடங்கியது. அதற்குக் கீழே ஒரு கிளுவைகூட இல்லை. அதற்கு மேலே ஓர் உகாய்கூட இல்லை. மேட்டில் பெய்யும் மழை சரளை வழியே உப்பைக் கழுவிக்கொண்டு பள்ளத்தில் போய்த் தேங்குகிறது என்றார். பிறகு குழிக்கரையில் உட்கார்ந்தார். கண்டுபிடித்த சந்தோஷம் அந்த முகத்தில் இல்லை.

மேட்டில் கல் பொறுக்கி விதைக்கலாம் என்று அவர் சொன்னபோது ராக்கம்மாள் எதிரே வந்து நின்றாள். "அன்னைக்குக் கீழ காட்டுனீக, நம்பி வந்தோம். இன்னைக்கு மேல காட்டுறீக. எதைங்கய்யா நாங்க நம்புறது?"

 அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் பொறுக்கத் தொடங்கினார். சில வாரம் தனியாகவே பொறுக்கினார். ஒருநாள் ராக்கம்மாளும் கூடையோடு வந்தாள். அந்த மழைக்குக் கொள்ளும் கம்பும் வந்தன. அமோக விளைச்சல் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து யாரும் பிழைப்புக்கு மலையேறவில்லை. பள்ளம் ஆடு மேயும் உகாய்க் காடாகவே கிடந்தது.

பெரியகுளத்துக்கு மாற்றலான பிறகும் அந்தத் தரிசுக்குப் போய்வந்தார். அங்கே ஒரு வாய் மோர்கூட அவர் வாங்கிக் குடித்ததில்லை. "எந்த முகத்தோட கை நீட்டுறது?" என்பார். "எல்லாரும் மறந்திருப்பாங்க" என்பேன் நான், ஒவ்வொரு முறையும்.

சாவு வீட்டுக்கு ராக்கம்மாள் வந்திருந்தாள். தெருவில் என்னைப் பார்த்ததும் தானாகவே பேசினாள். "அவுக மேல குத்தமில்லைன்னு நான் சொல்லமாட்டேன் சார். எம் புருசன் போனது போனதுதான். ஆனா நெலத்தைக் காட்டிட்டுப் போன ஆளுகள்ல, திரும்பி வந்தது இவுக ஒருத்தருதான்."

அவர் இருந்தபோது இந்த வார்த்தையை அவளிடம் கேட்டு அவரிடம் சேர்த்திருக்கலாம். மறந்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வருஷங்களைக் கழித்துவிட்டேன்.

அருணாசலத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: இனி ஒருவர் தன் தவறைச் சொல்லி வருந்தினால், உங்கள் தவறில்லை என்று அவசரப்பட்டுச் சொல்லமாட்டேன். எழுந்து அவரோடு கூடப் போவேன்.