மஹ்பூபாவுக்கு ஏற்ற டயர்

துனிசியாவின் எல்லை ஊரான பென் கர்தானில் டயர் வாங்க வருகிறவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: எவ்வளவு பாரம் தாங்கும்? லஸ்ஹர் ஒருத்தன்தான் அந்த வருஷம் முழுக்க வேறு கேள்வி கேட்டுக்கொண்டு அலைந்தான். எவ்வளவு மெத்தென்று போகும்?

அவன் மனைவி மஹ்பூபாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி மெதனீன் ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். நோய் எலும்பையும் அரித்திருந்தது. அவன் கார் குழியில் இறங்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். முதலில் பல்லைக் கடித்தாள். பிறகு முனகினாள். ரமலான் முடிந்த வாரத்தில், இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போகாவிட்டால் இரண்டு வாரம் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லியிருந்தார். அவளைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் ஒவ்வொரு முறையும் ஏற்றினான். அவளுடைய உயிர் நான்கு டயரில் வந்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அதற்கு முன் பதினெட்டு வருஷம் அவன் எண்ணெய் ஓட்டினவன். எல்லைக்கு அந்தப் பக்கம் லிபியாவில் பெட்ரோலைக் கேன் கேனாகப் பிடித்து, பின்னால் அடுக்கி, மணல் தடத்தில் திருட்டுத்தனமாக ஊர் சேர்க்கிற தொழில். ஊரில் பாதிப் பேர் அதைச் செய்தார்கள். மீதிப் பேர் அவர்களிடம் வாங்கினார்கள். மஹ்பூபா படுத்த பிறகு விட்டுவிட்டேன் என்றான். யாரும் நம்பவில்லை, அவனும்தான். அவள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஒரு நடை போய்வரலாம் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு கிடந்தது.

முதலில் அகலமான டயர் போட்டுப் பார்த்தான். அகலம் கூடினால் சொகுசு கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. வண்டி திரும்பக் கனத்ததே தவிர இடி குறையவில்லை. அப்புறம் உயரம் கூட்டினான். அவன் வண்டிக்கு உள்ள அளவு நூற்றெண்பத்தைந்து, அறுபத்தைந்து, பதினாலு. நடுவில் உள்ள அறுபத்தைந்துதான் டயரின் கன்னம், அதாவது பக்கச் சுவர், எவ்வளவு உயரம் என்று சொல்கிற எண். அதை எழுபத்தைந்தாக்கினான். கன்னம் உயர்ந்தால் காற்று மெத்தை தடிமனாகும் என்பது கணக்கு. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முன்டயர் உள்ளே உரசியது. ஒடிக்காமல் ஓட்டப் பழகிக்கொண்டான். மஹ்பூபா முனகுவது மட்டும் நிற்கவில்லை.

மூன்றாவது முறையாகப் போனபோது டயர் கடை ஜிலானி டீக் குவளையைக் கீழே வைக்காமலே சொன்னான்:

"போன தடவை போட்ட டயருக்கு இன்னும் மேல இருக்கிற ரப்பர் முடிகூட உதிரல. அதுக்குள்ள என்னடா?"

"அவளுக்கு இன்னும் இடிக்குதாம் அண்ணே. எண்பது இருக்கா?"

"எண்பது போட்டா நீ ஏணி வெச்சுத்தான் வண்டில ஏறணும்."

ஆனாலும் ஜிலானி எழுந்து வந்தான். பின்டயரை ஓர் உதை விட்டான். மத்தளம் மாதிரி ஓசை வந்தது.

"காத்து எவ்வளவு வெச்சிருக்க?"

"எப்பவும் வைக்கிறதுதான். மூணு."

"மூணு. முப்பது கேன் ஏத்தினப்ப வெச்ச மூணு பார் அழுத்தம். இப்ப ஏத்துறது யாரை? உன் பொண்டாட்டி எத்தனை கிலோ?"

லஸ்ஹர் தரையைப் பார்த்தான். "நாப்பத்தொண்ணு."

ஜிலானி அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. அட்டையை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டான். ஸ்பேனரால் எதையோ தட்டிப் பார்த்தான்.

"இந்த ஸ்பிரிங் யாரு போட்டது?"

"நான்தான். பாரத்துக்காக."

"லாரி ஸ்பிரிங்டா இது. பாரம் இல்லாதப்ப இது கல்லு. நீ எந்த டயரைப் போட்டாலும் கல்லு மேலதான் அவளை உக்கார வெச்சிருக்க. இதைக் கழட்டு. பழைய ஸ்பிரிங்கைப் போடு."

"போட்டா?"

"வண்டி நாலு விரல் இறங்கும். இறங்கினா இந்த எழுபத்தஞ்சு மேல தகரத்துல தேய்க்கும். பழைய அளவுக்கே வந்துரு. வண்டியைச் செஞ்சவன் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கானே, அந்த அளவு. அவன் ஒண்ணும் மடையன் இல்ல."

"அப்புறம் எண்ணெய் ஓட்ட முடியாதே அண்ணே."

ஜிலானி வெளியே வந்து கையைத் துடைத்தான். "விட்டுட்டேன்னு நீதானே சொன்ன."

லஸ்ஹர் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தான். ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டபோது, பதினெட்டு வருஷத் தொழில் துருப்பிடித்துச் சுருண்டு மண்ணில் கிடந்தது. அதை விட்டால் தனக்கு என்ன வேலை தெரியும் என்று யோசித்தான். ஒன்றும் தோன்றவில்லை. ஜிலானி பழைய ஸ்பிரிங்கை மாட்டி, பழைய அளவிலேயே நான்கு டயரைப் பொருத்தி, காற்றழுத்தமானியைப் பார்த்து இரண்டுக்கு மேல் ஏற்றாமல் நிறுத்தினான்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தலாமே அண்ணே."

"கையை அக்குள்ல வெச்சுக்க. வால்வைத் தொடாத."

செவ்வாய்க்கிழமை வண்டி தண்ணீரில் போவதுபோலப் போனது. மஹ்பூபா பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முனகவில்லை. லஸ்ஹர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். வழியெல்லாம் கன்னம், காற்று, ஸ்பிரிங் என்று ஓயாமல் பேசினான்.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தான்.

"வலிச்சுதா?"

"இல்ல. வண்டி நல்லா இருக்கு லஸ்ஹர்."

இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "இனிமே வண்டி மேல பழி போட முடியாது."

"என்ன சொல்ற?"

"அந்த ஊசியும் மிஷினும் போதும்னு தோணி நாளாச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வண்டி இடிக்குதுன்னு சொல்றது லேசா இருந்துச்சு."

"இடிச்சது நிஜந்தானே?"

"நிஜந்தான். ஆனா அது மட்டும் இல்ல." அவன் தோளைப் பிடித்து இறங்கினாள். "இன்னிக்கு உள்ள போறேன். இவ்வளவு பண்ணியிருக்க. வியாழக்கிழமைலேருந்து வான்னு என்னைக் கேக்காத."

அன்று நான்கு மணி நேரம் அவன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். எதையாவது பழுது பார்க்க வேண்டும்போல் இருந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் காற்றைச் சரிபார்த்தான். பின்சீட்டில் தலையணையை வைத்தான். இன்ஜினைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். கேட்கக் கூடாது என்றுதானே சொன்னாள், காத்திருக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. மஹ்பூபா வெளியே போகிற உடுப்பு போடாமல் கதவருகே வந்தாள். அவனைப் பார்த்தாள். உள்ளே திரும்பிப் போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அணைத்துவிட்டு உள்ளே போனான். அவள் நகர்ந்து இடம் விட்டாள். அந்தக் காலை முழுக்க, வாசலில் நின்ற வண்டியை இரண்டு பேரும் பார்க்கவில்லை.