உங்கம்மாவ எனக்குக் குடுத்துடறியா?

இந்த ஜெர்மன் ஊரில் பேருந்தில் ஏறினால் என் ஐந்து வயது மகன் முகிலிடம் ஒருவரும் பெயர் கேட்பதில்லை. வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. எதிர் இருக்கைக்காரர் நாயோடு வந்தால் நாயைப் பற்றி நாலு வார்த்தை நடக்கும். குழந்தைக்கு ஒரு புன்னகை, அவ்வளவுதான். அது மரியாதை, தப்பு சொல்லமாட்டேன். ஆனால் மயிலாப்பூரில் பஸ் ஏறி தேனாம்பேட்டையில் இறங்குவதற்குள் “உம் பேரென்ன கண்ணு, என்ன சாப்ட்ட, அம்மா புடிக்குமா அப்பா புடிக்குமா” என்று துளைத்துவிடுவார்களே, அதில் வளர்ந்தவளுக்கு இந்த அமைதி காது அடைத்த மாதிரி இருக்கிறது.

முகிலின் கிண்டர்கார்டன் ஆசிரியை எரிகா ஒருநாள் என்னை உட்காரவைத்துப் பேசினார். இந்த ஊரில் ஒன்றாம் வகுப்புக்கு முன் ஒரு மருத்துவர் குழந்தையைப் பார்ப்பார். ஒற்றைக்காலில் குதிக்கச் சொல்வார், படம் வரையச் சொல்வார், கேள்வி கேட்பார். முகில் தானே ஜிப் போடுகிறான், பழம் வெட்டுகிறான், நூறு வரை எண்ணுகிறான். தெரியாத பெரியவர் கேட்டால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. “அவசரமில்லை, ஒரு வருடம் காத்திருக்கலாம்” என்றார் எரிகா அன்பாக. அவருக்கு அது சாதாரணம். அவனுடைய தோழர்கள் எல்லாரும் புதுப் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள், இவன் மட்டும் கிண்டர்கார்டனின் பழைய கொக்கியில் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பான் என்பதுதான் என் கண்ணில் நின்றது. அன்று முதல் வீட்டில் நானே மருத்துவராகிக் கேள்வி கேட்டேன். என்னிடம் மணி மணியாகப் பதில் சொன்னான். நான் தெரியாத ஆள் இல்லையே, என்ன பிரயோஜனம்?

அந்தக் கோடை விடுமுறைக்கு மயிலாப்பூரில் என் தம்பி வீட்டுக்குப் போனோம். தெருமுனையில் வேப்பமரத்தடியில் செல்வியக்காவின் இஸ்திரி வண்டி. முதல் நாள் மாலை முகில் என் தம்பியோடு துணி கொடுக்கக் கீழே போனான். திரும்பியபோது வெறுங்காலோடு வந்தான். பின்னாலேயே செல்வியக்கா ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“ஐயோ, சும்மா வெள்ளாட்டுக்குக் கேட்டேம்மா. ‘இன்னா நைனா, ஷூ ஜோரா கீதே, எனக்குக் குட்த்துடறியா’ன்னேன். புள்ள நெசமாவே கழட்டிக் குட்த்துட்டு வந்துக்கினே கீது!”

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டால் பகிர்ந்துகொள் என்று கிண்டர்கார்டனில் சொல்லித் தந்ததை அவன் செய்திருக்கிறான். பெரியவர்கள் பொய்க்குக் கேட்பார்கள் என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. நம் ஜனங்களுக்குப் பச்சைக் குழந்தையிடம் எதற்கு இந்த வம்பு என்று கோபம்தான் வந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது தம்பி என் பழங்கதையை எடுத்தான். தி. நகர் புடவைக்கடை ஒன்றில் விற்பனையாளர், “இந்தப் பாப்பாவ இங்கயே விட்டுட்டுப் போங்க, புடவைக்குக் காசு வேணாம்” என்றாராம். நான் கடையே அதிர அழுதிருக்கிறேன். அடுத்த ஆடித் தள்ளுபடிக்கு அதே கடை, அதே ஆள், அதே கேள்வி. “எங்கம்மாவ வச்சுக்கோங்க, எனக்குப் பாவாடை குடுங்க” என்றேனாம். பொண்ணு பொழைச்சுக்கும் என்று கடையில் எல்லாரும் சொன்னார்களாம். அழுத நாளுக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. நம் குழந்தைகள் எல்லாருக்கும் எப்படியோ நடந்துவிடுகிறது.

மறுநாள் செல்வியக்கா சட்டையைக் கேட்டார். முகில் கொஞ்சம் யோசித்து, முடியாதென்று தலையை மட்டும் ஆட்டினான். அதற்கடுத்த நாள் என்னையே கேட்டுவிட்டார்.

“உங்கம்மாவ எனக்குக் குட்த்துடறியா நைனா? சைதாப்பேட்டைக்குக் கூட்டினு போறேன், எங்கூட்ல வெச்சுக்கறேன்.”

அவன் முகம் வெளுத்தது. என் துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். போதும்க்கா என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, “மாட்டேன்” என்றது ஒரு குரல். தெரியாத பெரியவரிடம் அவன் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. சத்தமாகச் சிரித்தால் குரல் ஓடி ஒளிந்துகொள்ளுமோ என்று பயந்து அசையாமல் நின்றேன்.

பிறகு அது தினசரி வழக்கு ஆகிவிட்டது. மாலையானால் மாடிப்படியில் இறங்கும்போதே முணுமுணுத்துப் பதில் தயார் செய்துகொள்வான்.

“எங்கம்மா நல்லா சமைக்க மாட்டாங்க.”

“அப்ப நீ மட்டும் எதுக்கு வெச்சுக்கினு கீற?”

“எனக்கு வேணும்.”

இன்னொரு நாள் இவனே முந்திக்கொண்டு வண்டியைக் கேட்டான். “எடுத்துக்கோ, கரியும் சேத்து எடுத்துக்கோ” என்றார் அக்கா. வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “எனக்கு இஸ்திரி பண்ணத் தெரியாதே” என்றான் வருத்தமாக. செல்வியக்கா கண்ணில் நீர்வரச் சிரித்தார். அவர் எதையும் கற்றுக்கொடுக்க நினைத்தவரில்லை. நின்றுகொண்டே துணி தேய்க்கிறவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

இலையுதிர்காலத்தில் மருத்துவரிடம் போனோம். முகில் குதித்தான், எண்ணினான். ஒரு மனிதரை வரையச் சொன்னார். இவன் மூன்று பேரை வரைந்தான். நடுவில் இருப்பது யார் என்று கேட்டார்.

“அம்மா” என்றான் ஜெர்மனில், தெளிவாக. “இது செல்வி. செல்விக்கு என் அம்மா வேணும். தினமும் கேட்பாங்க. நான் கொடுக்கல.”

மருத்துவரின் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். “அந்தப் பெண்மணி இப்போது எங்கே இருக்கிறார்?” என்றார் மெதுவாக. போலீசுக்குப் போகவேண்டிய விஷயமோ என்ற கவலை அந்த முகத்தில் இருந்தது. மயிலாப்பூரையும் இஸ்திரி வண்டியையும் பாதி ஜெர்மனில், பாதி கையாட்டலில் விளக்கினேன்.

“அப்படியானால் அவருக்கு நீங்கள் உண்மையில் வேண்டாம்?”

“வேண்டாம். கேட்பார், அவ்வளவுதான்.”

புரிந்ததா என்று தெரியவில்லை. கோப்பில் வைப்பதற்காக முகிலிடம் கை நீட்டி, “இந்தப் படத்தை எனக்குக் கொடுக்கிறாயா?” என்றார். அவர் நிஜமாகத்தான் கேட்டார். என் மகனோ அவர் கண்ணை நேராகப் பார்த்து, சிரித்துக்கொண்டே, தமிழில் சொன்னான்: “குட்க்க மாட்டேன்!”

மருத்துவர் முதலில் திகைத்தார், நான் மொழிபெயர்த்ததும் அவரும் சிரித்துவிட்டார். படத்தை நகலெடுத்துக்கொண்டு, பள்ளிக்குத் தயார் என்று எழுதினார். எனக்கு அழுகை வந்தது.

அசல் படம் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. ஒரு பக்கம் வண்டியோரம் நின்று செல்வியக்கா என் கையைப் பிடித்து இழுக்கிறார். மறுபக்கம் புத்தகப்பையோடு முகில் இழுக்கிறான். நடுவில் நான் வாய்நிறையச் சிரிக்கிறேன். என் இரண்டு கைகளும் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நீண்டுகிடக்கின்றன.