நபோசா கொடுத்த கிடேரி

நபோசாவுக்குக் குரல் பெரிது. வாழைத்தோட்டத்தின் இந்தக் கோடியில் அவள் தும்மினால் மசாக்கா சாலையில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்பேர்ப்பட்டவள் மாடு கிடைத்த அன்று அதன் காதோடு காதாகத்தான் பேசினாள். கம்பாலாவிலிருந்து மாட்டை இலவசமாகக் கொண்டுவந்து கொடுத்த சங்கத்தார் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்கள். முதல் கிடேரிக் கன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அவர்கள் தலைகாட்ட மாட்டார்கள், ஊர்தான் மாட்டைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். புருஷன் போனதிலிருந்து வாங்கியே பழகிப்போனவள் நபோசா. ஒரு தடவையாவது கொடுக்கிறவளாக நின்றுவிட வேண்டும் என்ற வெறி அன்றைக்கே அவளைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு நல்வெயிசோ நிறைமாதக்காரி. கன்று பிறக்குமுன்பே அவள் கொட்டகை போட்டுவிட்டாள்!

கன்று வந்த லட்சணத்தைக் கேளுங்கள். பட்டப்பகலில் மாடு படுத்துவிட்டது. முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன, அதற்குமேல் வரவில்லை. ஊரில் சங்கத்திடம் மாட்டு வைத்தியம் கற்றவன் கயோண்டோ ஒருவன்தான். அவனோ நபோசாவின் மருமகன். அந்த ஊர் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, தொட்டுவிட்டால் கைகால் நடுங்கும் வியாதி வந்துவிடும். இது பச்சைக்குழந்தைக்கும் தெரியும்.

நல்வெயிசோ ஓடிப்போய் அவனைக் கூட்டிவந்தாள். கையோடு ஒரு மரப்பட்டைத் துணியையும் கொண்டுவந்து இருவருக்கும் நடுவே கட்டினாள்.

“அத்தே, கால்ல கயித்தக் கட்டிட்டீங்களா?” அந்தப் பக்கமிருந்து கயோண்டோ கேட்டான்.

“கட்டிட்டேன் மாப்ள! துணிக்கு அடியில நுனிய விடுறேன், பிடிங்க. எட்டிக்கிட்டி பாத்துடாதீங்க!”

“பாக்கல அத்தே. மாடு முக்குறப்ப சொல்லுங்க!”

“முக்குது! இழுங்க! எம்பொண்ணு வாழக்காய அவிச்சு ஆக்கிப்போட்ட மத்தோக்கே எல்லாம் எங்க போச்சு? இழுங்க!”

இழுத்தான். கன்று வழுக்கிக்கொண்டு வந்த வேகத்தில் அவன் மல்லாந்து விழுந்தான். கால் பட்டுத் துணியும் அறுந்து விழுந்தது. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர்! நபோசா இடுப்புக்கச்சையின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள். கயோண்டோ கண்ணை இறுக்கிக்கொண்டு கன்றைத் தடவிப் பார்த்தான்.

“மூச்சில்ல அத்தே. தலைகீழாத் தூக்கி ஆட்டணும். என் ஒருத்தனால ஆகாது.”

நல்வெயிசோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். நபோசா அவளைப் பார்த்தாள். கச்சையை உதறினாள்.

“நடுங்குனா நடுங்கிட்டுப் போறேன்! கண்ணத் தொறங்க மாப்ள, கன்னுக்குட்டியக் கீழ போட்டுடப் போறீங்க!”

ஆளுக்கொரு பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினார்கள். கையும் கையும் நன்றாகவே உரசின. ஆட்டிய ஆட்டத்தில் கன்றின் மூக்கிலிருந்து சளி கொட்டியது. பிறகு ஒரு தும்மல்! நபோசாவின் தும்மல் தோற்றது.

“கிடேரி அத்தே! கிடேரி!”

இறக்கி வைத்த பிறகுதான் நல்வெயிசோ அலறினாள். “அக்கா, உங்க கை!”

நடுங்கியது. கயோண்டோவின் கையும் நடுங்கியது. அவன் சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்த நேரம் பார்த்துக் கன்று எழுந்து நிற்கப் பார்த்தது. அதன் நாலு காலும் வெடவெடவென்று ஆடின.

“அடியே, இது எந்த மாமியாரத் தொட்டுச்சாம்?” என்றாள் நபோசா.

கயோண்டோ மாட்டின்மேல் சாய்ந்து சிரித்தான். நல்வெயிசோ அழுதுகொண்டே சிரித்தாள். நபோசா சிரித்து முடித்து, கன்றின் கழுத்தில் கயிற்றைக் கட்டி நுனியை நல்வெயிசோவின் கையில் வைத்தாள்.

“பால்குடி மறந்ததும் ஓட்டிட்டுப் போடி. இது சங்கம் குடுக்குறதில்ல. நான் குடுக்குறது.”

அப்போதும் அவள் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.