டிரைவர் பெயருக்கான இன்டெக்ஸ்

நாமக்கல் லாரி ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது, எனக்கு அது முதல் வேலை. வேகம் என்றால் பைத்தியம். ஒவ்வொரு லோடு பதிவாகும்போதும் லாரி நம்பர், சரக்குக்காரர், டிரைவர் பெயர் என்று, தேடினால் சட்டென்று எடுத்துத் தரும் மூன்று இன்டெக்ஸையும் டேட்டாபேஸ் திருத்த வேண்டியிருந்தது. அதனால் என்ட்ரி நகரவே மாட்டேன் என்றது. ஒன்றை நீக்கலாம் என்றேன்.

“டிரைவர் பேரத் தூக்கிரு சாமி. அத வெச்சுத் தேடறது அவனுக ஊட்டுக்காரிக மட்டுந்தான். அவளுகளா நமக்கு வாடகை தர்றாளுக?” என்றார் முதலாளி. நீக்கினேன். என்ட்ரி பறந்தது.

மதியம் மேச்சேரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மாமனார் இறந்துவிட்டார், கொள்ளி வைக்க வேண்டிய கணவன் போனை எடுக்கவில்லை, லாரி எங்கே போயிருக்கிறது என்று கேட்டாள். அவன் பெயரை அடித்தேன். டேட்டாபேஸ் பழைய பதிவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கியது. பக்கத்து மேசைகளில் என்ட்ரி நின்றது.

“நிறுத்துடா! லாரி நம்பரக் கேளு,” என்று முதலாளி கத்தினார். தேடலை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“அது அவருக்குத்தானுங்க தெரியும்,” என்றாள்.

“அப்ப அவனையே கேட்டுட்டுக் கூப்படச் சொல்லு.”

அப்படியே சொன்னேன். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதலாளி கை நீட்டி லைனை வெட்டினார்.